தொட்டியில் இருக்கட்டும் வசம்பு... தொட்டிலுக்கு வேண்டாம்!

போன்சாய் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சின்னத் தட்டில் விழுது விட்டு நிற்கும் ஆலமரம், பாறையைக் கட்டிப் பிடித்திருக்கும் அரசமரம்... பார்க்க அழகுதான். ஆனால் அதற்குப் பல வருடப் பொறுமை வேண்டும். கம்பி கட்டத் தெரிய வேண்டும், கிளையைக் கவாத்து செய்யத் தெரிய வேண்டும். 'அதெல்லாம் நமக்கு ஆகாதுங்க' என்று ஒதுங்கிப் போனவர்களே அதிகம்.

அப்படி ஒதுங்கியவர்களுக்கென்றே இருக்கிறது ஒரு சுலபமான வழி. மரத்துக்குப் பதிலாகப் புல்! ஒரு தட்டையான மண் சட்டி, அதில் கத்தி கத்தியாக நிற்கும் பச்சை இலைகள், நடுவில் ஒரு கல், சுற்றிலும் கொஞ்சம் பாசி. அடுக்குமாடி வீட்டு பால்கனிக்கு இதைவிட அடக்கமான தோட்டம் வேறு கிடையாது. நர்சரிகளில் 'புல் போன்சாய்' என்றே கேட்டு வாங்குகிறார்கள். கிரகப்பிரவேசத்துக்குப் பரிசாகக்கூடக் கொடுக்கிறார்கள்.

'இதில் சித்த மருத்துவருக்கு என்ன வேலை?' என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. இந்தத் தட்டுகளுக்கு ஏற்ற செடிகளில் முக்கியமானது வசம்பு. அது எங்கள் மருந்துச் சரக்கு. அழகுக்காக வைத்த செடியை, 'மருந்துச் செடிதானே' என்று வீட்டிலுள்ளவர்கள் கிள்ளி வாயில் போடும்போதுதான் என்னிடம் ஓடி வருகிறார்கள். ஆகவே, எப்படி வளர்ப்பது என்பதையும் சொல்கிறேன், எங்கே நிறுத்திக்கொள்வது என்பதையும் சொல்கிறேன். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

புல்லை போன்சாய் ஆக்க முடியுமா?

சீனாவில் தோன்றி ஜப்பானில் மெருகேறிய கலை இது. 'போன்' என்றால் தட்டு, 'சாய்' என்றால் நடுவது. தட்டில் நட்டது எல்லாம் ஒரு விதத்தில் போன்சாய்தான். ஆனால் ஜப்பானியர்கள் மரத்தை மட்டும் தனியாகக் காட்சிக்கு வைப்பதில்லை. பக்கத்தில் ஒரு சின்னச் சட்டியில் புல்லோ, காட்டுப்பூச் செடியோ வைப்பார்கள். மரத்தின் காலடியில் வளரும் புல் என்ற பொருளில் அதற்கு 'ஷிதாகுஸா' என்று பெயர். அதையே தனியாக ஒரு கலையாக வளர்த்தால் 'குஸாமோனோ'. நாம் புல் போன்சாய் என்று சொல்வது இந்த குஸாமோனோவைத்தான்.

மரத்துக்கும் புல்லுக்கும் வளரும் விதத்திலேயே பெரிய வித்தியாசம் உண்டு. மரத்தின் பட்டைக்குக் கீழே ஒரு மெல்லிய வளர்ச்சி அடுக்கு இருக்கிறது. அது வருடா வருடம் புதிய கட்டையைச் சேர்ப்பதால் மரம் பருக்கிறது. நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வெடிக்கிறது. புல் இனத்துக்கு அந்த அடுக்கு கிடையாது. மூங்கில் குருத்து மண்ணைவிட்டு வெளியே வரும்போது என்ன பருமனோ அதே பருமன்தான் கடைசிவரை. தென்னையும் அப்படித்தான், வயது கூடக் கூட உயரமாகுமே தவிர ஆலமரம் மாதிரிப் பருக்காது.

இதை நம் முன்னோர் எப்போதோ கவனித்துவிட்டார்கள். வெளிப்பக்கம் வயிரம் பாய்ந்தவை புல், உள்ளே வயிரம் பாய்ந்தவை மரம் என்று தொல்காப்பியத்தின் மரபியல் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் மூங்கிலும் புல்தான்!

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் என்ன? புல்லுக்குக் கத்தரி வேலை செய்யாது. இலையைக் குறுக்கே வெட்டினால் அந்த இலை கிளைக்காது. வெட்டிய இடம் பழுப்பேறி அசிங்கமாக நிற்கும். புல்லைச் சிறிதாக வைத்திருக்கும் சூட்சுமம் முழுவதும் மண்ணுக்குக் கீழே இருக்கிறது. சட்டியின் அளவு, வேரைப் பிரிப்பது, தண்ணீர் - இந்த மூன்றும்தான் உங்கள் கத்தரி.

எந்தச் செடியை வைக்கலாம்?

'புல்' என்று நர்சரியில் விற்பதெல்லாம் புல் அல்ல. பார்ப்பதற்குப் புல் மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வசம்பு: புல் குடும்பமே இல்லை. தனிக் குடும்பம். சதுப்பு நிலத்தில் வளரும். கர்நாடகத்தில் தும்கூர் மாவட்டத்துக் கொரட்டகெரே பக்கம் நெல் வயல் மாதிரித் தண்ணீர் கட்டிப் பயிர் செய்கிறார்கள். வாள் போன்ற இலை. இலையின் நடு நரம்பு தடித்துத் தெரியும், ஓரம் சில இடங்களில் சுருங்கி அலை அலையாக இருக்கும். கசக்கி முகர்ந்தால் கமகமவென்று காரமான வாசனை. சமவெளியின் வெயிலை ஓரளவு தாங்கும். சென்னை, மதுரை, திருச்சி வாசிகளுக்கு இதுவே உத்தமம்.

குள்ள வசம்பு: வசம்பின் தங்கை. இலை ஒல்லியாக இருக்கும், நடு நரம்பு எடுப்பாகத் தெரியாது. மஞ்சள் கோடு போட்ட வகையும் உண்டு. சீனத்துப் படிப்பாளிகள் மேஜைமேல் வைத்து வளர்த்ததும், ஜப்பானியர் கல் இடுக்கில் நடுவதும் இதைத்தான். குளிர்ச்சியும் நிழலும் பிடிக்கும். ஊட்டி, கொடைக்கானல், பெங்களூர் வீடுகளில் ஜம்மென்று வரும். சமவெளியில் வெயில் படாத இடத்தில் மட்டும் வையுங்கள்.

மாண்டோ புல்: இதுவும் பெயரில் மட்டும்தான் புல். கரும்பச்சையான மெல்லிய இலைகள் கொத்துக் கொத்தாக இருக்கும். வாசனை கிடையாது. நிழலில் வளரும். மறதிக்காரர்களுக்கு ஏற்றது.

குடைக்கோரை: கோரை இனம். தண்டின் உச்சியில் குடைக் கம்பி போல இலைகள் விரியும். பொதுவாகக் கோரையை அடையாளம் காண ஒரு வழி சொல்கிறேன். தண்டை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். கோரை வகைகள் பெரும்பாலும் மூன்று பட்டையாக இருக்கும். புல்லின் தண்டு உருண்டையாகக் கணுக்களோடு இருக்கும்.

அருகம்புல்: தட்டில் குட்டிப் புல்வெளி வேண்டுமென்றால் இது போதும். நல்ல வெயில் மட்டும் கொடுக்க வேண்டும்.

தட்டுக்கு ஆகாதவை இரண்டு. ஒன்று வெட்டிவேர். அதன் வேர் நிலத்தில் ஆளுயரத்துக்கும் மேல் நேராக இறங்கும். 3 அங்குலத் தட்டில் அதை உட்கார வைப்பது, ஓடுகிற குழந்தையை நாற்காலியில் கட்டி வைப்பது மாதிரி. மற்றொன்று எலுமிச்சைப் புல். அது பெரிய தூராகப் பரவும், ஓரம் கையை அறுக்கும். இரண்டையும் ஆழமான தொட்டியில் தனியாக வையுங்கள்.

நடும் முறை

1. சட்டி: 2 முதல் 4 அங்குல ஆழமுள்ள மண் சட்டி அல்லது பீங்கான் தட்டு. அடியில் ஓட்டை கண்டிப்பாக இருக்க வேண்டும். 'வசம்புதான் சேற்றுச் செடியாச்சே, ஓட்டை எதற்கு?' என்று கேட்காதீர்கள். மண் எப்போதும் ஈரமாக இருந்தால் அதற்குப் போதும், தண்ணீர் தேங்கி நிற்க வேண்டியதில்லை. ஓட்டை ஏன் அவசியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

2. மண்: வசம்புக்கும் கோரைக்கும் வண்டல் மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, நன்றாக மக்கிய மாட்டெரு 1 பங்கு. மாண்டோ புல்லுக்கு மணலை 2 பங்காக்குங்கள். ஓட்டையின்மேல் கொசுவலைத் துண்டு ஒன்றை வைத்துவிட்டு மண்ணைப் போட்டால் மண் கரைந்து ஓடாது.

3. நடுவது: வசம்பின் கிழங்கு மண்ணுக்குள் படுத்தவாக்கில் வளரும். முளை உள்ள துண்டாக, விரல் நீளத்துக்கு எடுத்து, படுக்க வைத்து, மேலே லேசாக மண் மூடினால் போதும். முளை முனை வெளியே தெரியட்டும். வளரும் பக்கத்தில் இடம் விட்டு, பின்பக்கத்தைச் சட்டியின் ஓரமாக வையுங்கள். கிழங்கு முன்னோக்கிப் போகப் போகச் செடி சட்டியின் நடுவுக்கு வந்து சேரும்.

4. தண்ணீர்: தினமும் ஒரு தடவை. கோடையில் காலை, மாலை இரண்டு தடவை. தட்டில் மண் குறைவு என்பதால் ஒரே ஒரு நாள் மறந்தாலும் இலை நுனி கருகிவிடும். வெளியூர் போகிறீர்களா? பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.

5. வெயில்: காலை வெயில் 2 மணி நேரம் வசம்புக்கும் கோரைக்கும் நல்லது. அக்கினி நட்சத்திர நாட்களில் நிழலுக்கு மாற்றிவிடுங்கள்.

6. உரம்: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு பிடி மக்கிய எரு. அதிகம் போட்டால் செடி நெடுநெடுவென்று வளர்ந்து போன்சாய் என்ற பெயரே போய்விடும். ஒல்லியாக, உயரம் குறைவாக இருக்க வேண்டுமானால் கொஞ்சம் பட்டினி போடத்தான் வேண்டும்!

7. வேர் பிரிப்பது: இதுதான் தலையாய வேலை. வருடத்துக்கு ஒருமுறை, ஆடி - ஆவணியில், செடியை மண்ணோடு வெளியே எடுங்கள். சுற்றிச் சுற்றி ஓடியிருக்கும் வேரில் மூன்றில் ஒரு பங்கை நீக்குங்கள். வயதான கிழங்குப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, இளம் முளையுள்ள பகுதியைப் புது மண்ணில் நடுங்கள். இதைச் செய்யாவிட்டால் இரண்டே வருடத்தில் சட்டி முழுக்கக் கிழங்காகி, தண்ணீர் உள்ளே இறங்காமல், செடி நடுவிலிருந்து காய ஆரம்பிக்கும்.

வெட்டி எடுத்த அந்தக் கிழங்கை என்ன செய்வது? அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். கொஞ்சம் பொறுங்கள்.

இலை நுனி ஏன் கருகுகிறது?

நிறையப் பேர் கேட்கும் சந்தேகம் இது. தண்ணீர்ப் பற்றாக்குறை ஒரு காரணம். இன்னொன்று உப்பு. போர் தண்ணீரில் உப்பு அதிகம். தட்டில் மண் கொஞ்சமாக இருப்பதால் உப்பு அப்படியே தங்கிவிடும். இன்றைக்குப் பல வீடுகளில் குடிநீர் சுத்திகரிக்கும் மெஷினிலிருந்து வெளியேறும் கழிவு நீரைச் 'சேமிக்கிறோம்' என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் குழாய்த் தண்ணீரில் இருக்கும் உப்பு அதில் இன்னும் திரண்டு இருக்கும். வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள், தட்டுச் செடிக்கு வேண்டாம். மழைத் தண்ணீர் கிடைத்தால் அமிர்தம்! மாதம் ஒருமுறை ஓட்டை வழியாக வழியும்வரை நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி மண்ணைக் கழுவிவிட்டாலே பாதிக் குறை தீரும்.

பழுத்த இலையைப் பாதியில் வெட்டாமல் அடியோடு உரித்து எடுத்துவிடுங்கள். நட்டு பத்துப் பன்னிரண்டு மாதம் ஆன வசம்பில் இலைகள் மஞ்சளாகிச் சாய்வது இயற்கை. செத்துப் போச்சு என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள். மண்ணுக்குள் கிழங்கு உயிரோடுதான் இருக்கும், ஈரம் காட்டினால் மறுபடியும் துளிர்க்கும்.

அழகுத் தட்டில் கொசுப் பண்ணை!

ஓட்டை ஏன் அவசியம் என்று சொல்கிறேன் என்றேனே... டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போகிற கொசு அல்ல. வீட்டுக்குள், சுத்தமான தண்ணீர் கொஞ்சமாகத் தேங்கி நிற்கும் இடத்தில், பாத்திரத்தின் ஓரத்து ஈரத்தில் முட்டை வைக்கும். அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். பொரித்தது கொசுவாகப் பறக்க நம் ஊர் வெப்பத்தில் ஒரு வாரம், பத்து நாள் போதும்.

2001ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு சம்பவம். சீனாவிலிருந்து கப்பலில் வந்த 'லக்கி பேம்பூ' செடிகளோடு ஏடிஸ் இனத்தின் புலிக்கொசுவும் சேர்ந்து இறங்கியிருந்தது. தண்ணீரில் நிற்க வைத்து அனுப்பியதால் வந்த வினை! அதிர்ஷ்டத்துக்காக வரவேற்பறையில் வைக்கிறோமே, அதே செடிதான். சொல்லப்போனால் அது மூங்கிலே அல்ல. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த டிரசீனா இனம்.

ஆகவே செடிச் சட்டியின் அடியில் தண்ணீர் பிடிக்கும் தட்டு வைத்திருந்தால் அதை மணலால் நிரப்பிவிடுங்கள். தண்ணீரில் நிற்கும் செடியானால் வாரம் 2 முறை தண்ணீரை மாற்றுங்கள். மாற்றினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உள்பக்கத்தை நார் போட்டுத் தேய்க்க வேண்டும், அப்போதுதான் ஒட்டியிருக்கும் முட்டை போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பால்கனிச் சட்டிகளைத் தினமும் ஒரு பார்வை பாருங்கள்.

வெட்டிய கிழங்கு எங்கே போகிறது?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

வசம்புக்கு 'பிள்ளை வளர்ப்பான்' என்று பெயர். 'பேர் சொல்லாதது' என்றும் சொல்வார்கள், விளக்கு வைத்த பிறகு அதன் பெயரை உச்சரிக்கக் கூடாதாம். பிள்ளை பெற்ற வீட்டில் வசம்பு இல்லாமல் இருக்காது. குழந்தையின் கையில் வசம்பு வளையல் போடாத பாட்டியும் கிடையாது. நமக்கு மட்டுமல்ல, ஜப்பானிலும் மே 5ஆம் தேதி குழந்தைகள் தினத்தில் வசம்பு இலைகளை வெந்நீரில் மிதக்கவிட்டுக் குளிக்கும் வழக்கம் உண்டு. பிள்ளைக்கும் வசம்புக்கும் உள்ள பந்தம் அப்படி!

அந்தப் பந்தம்தான் சில சமயம் ஆபத்தாகிறது. என்னிடம் வந்த ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். பால்கனியில் அழகான வசம்புத் தட்டு. வீட்டில் 3 மாதக் குழந்தை. வயிறு உப்பி அழுதிருக்கிறது. பாட்டியம்மா தட்டிலிருந்து பச்சைக் கிழங்கைத் தோண்டி, கழுவி, கல்லில் இழைத்து, பாலாடையில் ஊற்றிப் புகட்டிவிட்டார். அரைமணி நேரத்தில் குழந்தை விடாமல் வாந்தி எடுத்துத் துவண்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து, நல்லபடியாகத் திரும்பியது. பிறகுதான் என்னிடம் வந்தார்கள். மருமகளுக்குக் கோபம், பாட்டிக்குக் கண்ணீர். "கடைச் சரக்கு பழசு டாக்டர், எத்தனை நாள் கிடந்ததோ. இது நம்ம வீட்டிலே வளர்ந்தது, சுத்தமானதுன்னுதான் கொடுத்தேன்" என்றார் அந்த அம்மா.

அவர் மனசில் துளிக்கூடக் கெட்ட எண்ணமில்லை. அவர் சொன்ன காரணமும் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் அந்தக் காரணத்தில்தான் கோளாறு. கொஞ்சம் விளக்குகிறேன்.

அந்தக் காலத்துப் பாட்டி என்ன செய்தாள்? நன்றாகக் காய்ந்த வசம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து விளக்குச் சுடரில் சுட்டாள். கரியான பகுதியைத் தாய்ப்பாலில் ஒரு உரசு உரசி, விரல் நுனியால் நாக்கில் தொட்டு வைத்தாள். வசம்பின் வீரியம் அதிலுள்ள எண்ணெயில் இருக்கிறது. அது ஆவியாகக்கூடியது. சுடும்போது அது குறைகிறது. பச்சைக் கிழங்கை இழைத்தால் அந்த எண்ணெய் அப்படியே உள்ளே போகிறது. ஒரு உரசு எங்கே, ஒரு பாலாடை எங்கே! பெயர் ஒன்றுதான், போகிற பொருளும் அளவும் வேறு. வசம்பு அளவு மீறினால் வாந்தி உண்டாக்கும் சரக்கு என்பது பழைய வைத்தியர்களுக்கும் தெரிந்ததுதான்.

அது மட்டுமல்ல. வசம்பு எண்ணெயில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது. எலிகளுக்குத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்ததில் புற்றுக்கட்டி உண்டானதால், 1968ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. இந்தப் பொருள் எல்லா வசம்பிலும் ஒரே அளவில் இல்லை. வட அமெரிக்க வகையில் இல்லை, ஐரோப்பிய வகையில் குறைவு, வெப்ப ஆசியாவில் வளரும் ஒரு வகையில் மிக அதிகம். உங்கள் தட்டில் இருப்பது எந்த வகை என்று பார்வையால் யாராலும் சொல்ல முடியாது. நானும் சொல்ல முடியாது. குள்ள வசம்பிலும் இந்தப் பொருள் உண்டு.

இன்னொன்றையும் யோசியுங்கள். நர்சரியில் அழகுச் செடியாக விற்பதற்குப் பூச்சி மருந்து அடிக்கிறார்கள். அதைச் சாப்பிடப் போகிறார்கள் என்று அவர்கள் நினைப்பதில்லை. மலைப் பகுதிகளில் வளரும் ஐரிஸ் பூச்செடியின் இலையும் கிழங்கும் வசம்பு மாதிரியே இருக்கும், அதன் கிழங்கு விஷமுள்ளது. கசக்கினால் வசம்பு வாசனை இல்லையென்றால் அது வசம்பே இல்லை.

'அப்படீன்னா சுட்ட வசம்பைக் கொடுக்கலாமா டாக்டர்?' என்று கேட்பீர்கள். பச்சிளம் குழந்தைக்கு அதையும் நான் சொல்வதில்லை. பிறந்ததிலிருந்து 6 மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர, மருத்துவர் சொல்லும் மருந்து நீங்கலாக, வேறு எதுவும், தண்ணீர்கூட, வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சித்த மருத்துவனாக நானும் அதையே சொல்கிறேன். எங்கள் மருந்தைக் குறைத்துப் பேசுவதாக நினைக்காதீர்கள். சுத்தி செய்வது, அளவு, அனுபானம், நோயாளியின் வயது - இவை அத்தனையும் சேர்ந்தால்தான் ஒரு மூலிகை மருந்தாகிறது. பால்கனியில் வளர்ந்தது என்பதற்காக அது மருந்தாகிவிடாது. பெரியவர்களுக்கு வசம்பு சேர்ந்த மருந்து தேவைப்பட்டால் பதிவு பெற்ற சித்த மருத்துவர் பார்த்துக் கொடுப்பார். கர்ப்பிணிகள் தாங்களாகச் சாப்பிடவே கூடாது.

குழந்தை அழுதால் என்ன செய்வது?

பால் குடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்யுங்கள். காலை மடக்கி மெதுவாக வயிற்றுப் பக்கம் கொண்டுபோய் நீட்டுங்கள். பெரும்பாலான உப்புசம் இதிலேயே அடங்கும். பச்சையாக வாந்தி எடுத்தாலும், மலத்தில் ரத்தம் தெரிந்தாலும், வயிறு கல் மாதிரி இறுகினாலும், பால் குடிக்க மறுத்துத் துவண்டாலும், காய்ச்சல் இருந்தாலும் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். உடனே குழந்தை மருத்துவரிடம் ஓடுங்கள்.

ஏற்கெனவே வசம்பைப் புகட்டிவிட்டீர்களா? விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். கொடுத்தது எது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். செடியின் ஒரு துண்டைக் கையோடு கொண்டுபோங்கள். 108க்குப் போன் செய்யத் தயங்காதீர்கள். வீட்டில் யாரையும் அந்த நேரத்தில் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்தே பலர் உண்மையைச் சொல்லாமல் விடுகிறார்கள், அதனால் சிகிச்சை தாமதமாகிறது.

கையில் வசம்பு வளையல் போடுவது பற்றியும் ஒரு வார்த்தை. குழந்தை கையை வாயில் வைக்கும் வயதில் அதைச் சப்பிக்கொண்டே இருக்கும். மணி கழன்றால் தொண்டையில் சிக்கும். ஆசைக்காக ஒரு நாள் போட்டுவிட்டு, கழற்றித் தூளிக் கயிற்றின் உச்சியில், குழந்தைக்கு எட்டாமல் கட்டிவிடுங்கள். பாட்டிக்கும் திருப்தி, டாக்டருக்கும் திருப்தி!

இன்னொரு குழப்பம்

எலுமிச்சைப் புல்லில் டீ போட்டுக் குடிக்கும் பழக்கம் இன்று பரவியிருக்கிறது. பெரியவர்கள் அளவாகக் குடிப்பதில் தவறில்லை. ஆனால் நர்சரியில் 'கொசு விரட்டும் புல்' என்று சிட்ரோனெல்லாவைக் கொடுத்திருப்பார்கள். இரண்டும் நெருங்கிய உறவு, உருவமும் ஒன்றுபோல இருக்கும். சிட்ரோனெல்லாவின் அடித்தாள் பெரும்பாலும் செந்நிறமாக இருக்கும், வாசனை சமையலறையை ஞாபகப்படுத்தாமல் சோப்பை ஞாபகப்படுத்தும். அதை டீயில் போட வேண்டாம். சந்தேகம் வந்தால் குடிக்காமல் விடுவதே உசிதம். இன்னொன்று, சிட்ரோனெல்லாச் செடியை வைத்தால் மட்டும் கொசு ஓடிப் போகாது. தேங்கிய தண்ணீரைக் கொட்டினால்தான் ஓடும்.

மனதில் வையுங்கள்

• புல் போன்சாய்க்குக் கத்தரி வேண்டாம். வருடம் ஒருமுறை வேரைப் பிரித்தால் போதும்.
• ஓட்டையுள்ள சட்டி, தேங்காத தண்ணீர்.
• ஒவ்வொரு சட்டியிலும் செடியின் பெயரையும், 'அழகுக்கு மட்டும்' என்பதையும் எழுதி ஒட்டுங்கள். வீட்டு வேலைக்கு வருபவர், ஊரிலிருந்து வரும் பெரியவர் எல்லோருக்கும் தெரிய வேண்டும்.
• தவழும் குழந்தைக்கும் வீட்டுப் பூனைக்கும் எட்டாத உயரத்தில் வையுங்கள்.
• பிரித்தெடுத்த வசம்புக் கிழங்கை இன்னொரு சட்டியில் நட்டு நண்பருக்குக் கொடுங்கள். அடுக்களைக்குள் கொண்டுபோகாதீர்கள்.

வரும் ஆடியில் ஒரு தட்டு வாங்கி ஆரம்பியுங்கள். தினமும் காலையில் காபியோடு போய் ஐந்து நிமிஷம் அந்தப் பச்சையைப் பாருங்கள், மண் ஈரமாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். அந்த ஐந்து நிமிஷம் மனசுக்கு நல்லது. வசம்பு உங்களுக்குச் செய்யும் வைத்தியம் அதோடு இருக்கட்டும்.